தொட்டியின் மேல் பச்சை விரிப்பு

வளைகுடாவில் பள்ளிக்கூடம் நடத்தியவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதலில் தீர்ந்துபோவது சாக்பீஸ் அல்ல, தண்ணீர் என்பார்கள். குழந்தைகள் குடிப்பதைவிடக் கொட்டுவது அதிகம். கை கழுவப் போகிற பிள்ளை குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையோடு பேசிக்கொண்டு நிற்கும். அதனால் எங்கள் பள்ளியின் பின்முற்றத்தில் தரைக்கடியில் ஒரு பெரிய தொட்டி கட்டியிருந்தோம். டேங்கர் லாரி வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும்.

ஹாலிதா மேடம், உங்களுக்குக் காயல்பட்டினம் என்று சொன்னதும் எனக்கு நிம்மதியாயிற்று. நான் திருநெல்வேலிக்காரன். நான் சொல்வதை நீங்கள் இந்தப் போலீஸ் அதிகாரிக்கு அரபியில் சரியாக மாற்றிச் சொல்வீர்கள். ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே விளக்கிவிடுங்கள். அறங்காவலர் என்பதற்கு இவர்கள் ‘அமீன்’ என்கிறார்கள். நம்பிக்கைக்குரியவன். நான் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஆலையில் கொள்முதல் மேலாளர். அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி என்னை எல்லோரும் அறிந்தது பள்ளியின் அறங்காவலர் குழுத் தலைவர் சேதுமாதவன் என்றுதான்.

உரிமம் கஃபீல், அதாவது எங்களுக்குப் பொறுப்பேற்ற உள்ளூர் அரபி, பேரில் இருந்தது. நிர்வாகம் எங்கள் ஐந்து பேரிடம் இருந்தது. பெற்றோர்கள் கூடி எங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆசிரியரை நியமிக்கவும் நீக்கவும் எங்களுக்கு அதிகாரம் உண்டு. கட்டடத்தையும் பேருந்தையும் பழுதில்லாமல் வைத்திருப்பது எங்கள் கடமை. ஆனால் பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு. தனி ஓர் அறங்காவலருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. குழுவாகக் கூடி முடிவெடுத்தால்தான் அது முடிவு. கூட்டத்துக்கு வெளியே நான் வெறும் சேதுமாதவன். இதை நான் மிகவும் மதித்தேன். இப்போதும் மதிக்கிறேன்.

2004ஆம் வருடத் தொடக்கத்தில் பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தொடங்க அனுமதி கேட்டிருந்தோம். அது கிடைக்காவிட்டால் பத்தாவது முடித்த பிள்ளைகள் ஷார்ஜாவுக்குப் போக வேண்டும், அல்லது தாயோடு ஊருக்குத் திரும்ப வேண்டும். குவாரியிலும் செராமிக் ஆலையிலும் வேலை பார்க்கிறவர்களின் குடும்பங்கள் அவை. பிரிந்தால் பிரிந்ததுதான். பள்ளியைப் பார்வையிட ஆய்வாளர்கள் வருவதாகத் தகவல் வந்தது.

அந்த வாரம்தான் எங்கள் வாட்ச்மேன் கார்மேகம் பள்ளியில் என் அறை வாசலில் வந்து நின்றான். ராமநாதபுரத்துக்காரன், பள்ளி விசாவில் வந்தவன், அதிகம் பேச மாட்டான்.

“சார், பின்னாடி தொட்டி மூடி துருப்பிடிச்சு ஒடைஞ்சு போச்சு சார். காலு வச்சா உள்ள போயிரும். பிள்ளைக ஓடியாடுற எடம்.”

போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான். இரும்பு மூடி பாதி உதிர்ந்து கிடந்தது. புதிய மூடி போடுவதென்றால் அது உட்காரும் இரும்புச் சட்டத்தைப் பெயர்த்து, தரையை உடைத்து, காங்கிரீட் போட்டுக் காயவிட வேண்டும். ஆய்வு நேரத்தில் பின்முற்றம் தோண்டிக் கிடக்கும். அடுத்த கூட்டத்தில் இதை வைத்தேன். மறைக்கவில்லை. ஐந்து பேரும் பேசினோம். ஆய்வு முடியட்டும், பிறகு செய்யலாம் என்று முடிவாயிற்று. எதிர்ப்பு இல்லை. சுற்றித் தடுப்பு வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். தடுப்பு வைத்தால் எதற்குத் தடுப்பு என்று கேட்பார்கள் என்றேன். அவர் தலையாட்டினார்.

அதனால் உடைந்த மூடியை எடுத்துவிட்டு, தொட்டி வாயில் ஒரு பிளைவுட் பலகையை வைக்கச் சொன்னேன். கார்மேகம் வைத்தான். வைத்துவிட்டு அதன் மேல் ஒரு தார் டிரம்மையும் உருட்டிக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“பலகை தாங்காது சார். டிரம் நின்னா பிள்ளைக கிட்ட வராதுக.”

நல்ல யோசனைதான். ஆனால் பார்ப்பதற்கு அசிங்கமாக இருந்தது. ஆய்வு நாள் காலையில் டிரம்மை அகற்றச் சொன்னேன். பலகையின் மேல் செயற்கைப் புல் விரிப்பை விரித்தோம், பச்சை நிறத்தில், கழிப்பறைச் சுவர் வரைக்கும். இரண்டு ஓரத்திலும் போகன்வில்லாத் தொட்டிகள் வைத்தோம். அந்த முற்றம் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. தலைமை ஆசிரியை சந்திரகலா டீச்சர் கைதட்டிச் சிரித்தார். பலகை விஷயம் அவருக்குத் தெரியாது. குழுவின் முடிவுகளை ஊழியர்களிடம் சொல்ல வேண்டும் என்று விதி இல்லை.

கார்மேகம் மட்டும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

“நான் இங்கனயே நின்னுக்கிறேன் சார்.”

“வாட்ச்மேன் கேட்டுல நிக்காம கக்கூஸ் பக்கம் நின்னா என்ன நெனைப்பாங்க? யூனிபார்மைப் போட்டுக்கிட்டு கேட்டுக்குப் போ.”

“யாராச்சும் ஓடிவந்துட்டா?”

“எல்லாரும் கிளாஸ்லதான் இருப்பாங்க. யல்லா, போ.”

போனான். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

ஆய்வாளர்கள் வந்தார்கள். வரவேற்பு, பாட்டு, ஆய்வகம், நூலகம், பின்முற்றம் எல்லாம் முறையாக நடந்தன. மதியம் அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஒரு பிள்ளையைக் காணோம் என்று ஓடிவந்தார். சுபிஷா. காலையில் வரவேற்புப் பாட்டு முடிந்ததும் கழிப்பறைக்குப் போனவள். வகுப்புக்குத் திரும்பவில்லை. பாட்டுக் குழுவோடு இருப்பாள் என்று ஆசிரியை நினைத்திருக்கிறார். ஆளாளுக்குத் தேடினார்கள். தொட்டியைப் பார்க்கச் சொன்னது நான்தான். விரிப்பை இழுத்து, பலகையைத் தூக்கி எறிந்து, கார்மேகம் யூனிபார்மோடு உள்ளே குதித்தான். அன்று காலையில்தான் டேங்கர் வந்து தொட்டியை நிரப்பியிருந்தது. அவன் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தபோது அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த காகிதப்பூ நீரில் ஊறிச் சாயம் விட்டிருந்தது.

போலீஸ் வந்தபோது, தொட்டி யார் பொறுப்பு என்று கேட்டார்கள். வாட்ச்மேன் பொறுப்பு என்றேன். அது பொய் இல்லை. டேங்கர் வந்தால் பலகையை எடுத்துக் குழாயை விட்டு, நிரம்பியதும் திரும்ப மூடுவது அவன் வேலை. டிரம்மைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. கார்மேகத்தை வண்டியில் ஏற்றும்போது அவன் அழவில்லை. போலீஸ்காரரிடம் இந்தியில், “சேர்மன் சாரைக் கேளுங்க, அவருக்கு எல்லாம் தெரியும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். என்னை அவ்வளவு நம்பினான்.

அன்று நான் வாயைத் திறந்திருந்தால் பள்ளியை மூடியிருப்பார்கள். அறுநூறு பிள்ளைகள். போன உயிர் திரும்பாது, இருக்கிறவர்களைக் காப்பதே அறங்காவலன் வேலை என்று தீர்மானித்தேன்.

சிறைக்குப் போய் அவனைப் பார்த்தேன். என்னைத் தவிர வேறு யாரும் போகவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

“நான் டிரம்ம வச்சேன்னு சொல்லுங்க சார். நீங்க எடுக்கச் சொன்னீகன்னு சொல்லுங்க.”

“அது இருக்கட்டும். காலையில டேங்கர் வந்தப்ப பலகையை எடுத்தியே, திரும்ப சரியா வச்சியா?”

“வச்சேன் சார்.”

“நாலு ஓரமும் சட்டத்துல உக்காந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

அவன் யோசித்தான். “வச்சேன்னுதான் சார் நெனைக்கிறேன்.”

‘சரி’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஒரு மனிதனை நீங்கள் தள்ள வேண்டியதில்லை மேடம். தனியாக உட்காரவைத்தால் போதும். அடுத்த தடவை போனபோது அவன் தாடி வளர்ந்திருந்தது. நான் கேட்பதற்கு முன்பே சொன்னான்.

“நான்தான் சார் சரியா வைக்கல. ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு இருந்தது இப்பக் கண்ணுக்குள்ள தெரியுது.”

அதையே நீதிபதியிடமும் சொன்னான். தண்டனை அனுபவித்தான், பிறகு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தன் பிள்ளைகளைக் குளத்தில் இறங்க விடுவதில்லையாம், அவர்கள் குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியில் நிற்பானாம். அவன் ஊர்க்காரர் ஒருவர் அபுதாபி முசஃபாவில் வெல்டராக இருக்கிறார், அவர் சொன்னார்.

சுபிஷாவின் அப்பா ஞானசிங் செராமிக் ஆலையில் டெக்னீஷியன். அம்மா இன்பமணி ஒரு கிளினிக்கில் நர்ஸ். குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. உடலை ஊருக்கு அனுப்புகிற ஏற்பாடுகளை எல்லாம் நான்தான் செய்தேன். விமான நிலையத்தில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சார், எம்பிள்ளைக்க நகம் எல்லாம் ஒடைஞ்சிருக்கு. விழுந்த உடனே போயிருந்தா நகம் எப்பிடி சார் ஒடையும்?”

“சுவத்துல உரசியிருக்கும்மா. உடனே போயிட்டா. வலி தெரிஞ்சிருக்காது.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, “ஒங்களுக்கு நல்ல மனசு சார்” என்றாள்.

அனுமதி கிடைத்தது. புதிய மூடி போட்டோம், பூட்டும் போட்டோம். அதற்கடுத்த ஐந்து வருடத்தில் எங்களிடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களில் இரண்டு பேர் மருத்துவம் படிக்கிறார்கள். எனக்கு ஒரு பாராட்டு விழாவும் நடந்தது.

ஏன் இப்போது வந்து சொல்கிறாய் என்று இந்த அதிகாரி கேட்கிறார். மனசாட்சி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்கும். ஆனால் காரணம் அது இல்லை. நிலத்துக்காரர் இடத்தைத் திரும்பக் கேட்டதால் பள்ளியை மூடிவிட்டோம். பெற்றோர் பொதுக்கூட்டம் கூடிக் குழுவையும் கலைத்துவிட்டார்கள். குழுவுக்குக் கேடு வரும் எதையும் அறங்காவலன் வெளியில் சொல்லக் கூடாது. அது என்னைக் கட்டியிருந்தது. இப்போது கேடு வருவதற்குக் குழு இல்லை. நான் விதிப்படியே வந்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. விபத்து நடந்த சமயத்தில் நான் முன்வாசலில் இருந்ததாக அன்று சொன்னேன். அது சரியல்ல.

சந்திரகலா டீச்சர் ஆய்வாளர்களை நூலகத்திலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க நான் அவர்களுக்கு முன்னால் பின்முற்றத்துக்கு வந்தேன். ஒரு சிறுமி கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, விரிப்பைப் பார்த்து நின்றாள். செருப்புக் கடையில் புதுச்செருப்பைப் போட்டுப் பார்ப்பதுபோல முதலில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு அதன் மேல் குதித்தாள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். பெயர் தெரியவில்லை. அவள் குதித்துக் குதித்து நடுவுக்கு வந்தாள். பலகை ஒரு பக்கமாகச் சரிந்தது. விரிப்பு மடங்கி உள்ளே இறங்கியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை.

போய்ப் பார்த்தேன். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் விரல்கள் தெரிந்தன. தொட்டி நிறைந்திருந்ததால் அவளுக்கு விளிம்பு எட்டியது. குனிந்து கையைக் கொடுத்திருந்தால் போதும். தூக்கிவிடக்கூடிய எடைதான்.

சுவர் திரும்பும் இடத்தில் சந்திரகலா டீச்சர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு வருவது கேட்டது. காலால் பலகையை நகர்த்திச் சட்டத்தில் உட்காரவைத்தேன். விரல்கள் உள்ளே போய்விட்டன. விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். பலகை மறுபடியும் அசைந்தது. ஆகவே அதன் மேல் ஏறி நின்றுகொண்டேன்.

ஆய்வாளர்கள் வந்தார்கள். மூத்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, பாலைவனத்தில் இவ்வளவு பச்சையா என்று வியந்தார். பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினார். நான் நகராமல், நின்ற இடத்திலிருந்தே கொஞ்சம் முன்னால் சாய்ந்து அவர் கையைப் பற்றினேன். காலுக்கடியில் சின்னதாகத் தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் நிதானமாக, ஒன்றும் விடாமல் பதில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தட்டுவது நின்றுவிட்டது.