கீழே இறங்கிய புறாக்கள்

காப்பியை ஆறவிட்டுக் குடியுங்கள் ஐயா. கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டேன். பலவேசத்துக்கு அப்படித்தான் பிடிக்கும். கை இன்னும் அந்த அளவிலேயே போகிறது.

என் மகனை மலைக்கு அனுப்பிக் கொன்றுவிட்டதாக வந்ததிலிருந்து உங்களையே நொந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள்மேல் தப்பில்லை. உங்கள் பறவை ஆராய்ச்சிக்காக, மலைப்புறாவைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிவிடு, மழையிலும் வெயிலிலும், காடு வெட்டுப்படும்போதும் அது எங்கே போகிறது என்று பார் என்றுதானே சொன்னீர்கள்? அதில் என்ன கெடுதல்? ஐந்தருவிக் கடைக்காரர்கள்தான் கேலி பேசினார்கள்.

“ஏலே பலவேசம், புறாவுக்கெல்லாம் தண்டை போடுதியாமே, ஒங்கம்மைக்கு ஒரு வளையல் வாங்கிக் குடுத்தியாலே?”

அவன் சிரிப்பான். “எங்கம்மை பறந்து போவ மாட்டா அண்ணாச்சி.”

அவன் அப்பா தேனெடுக்கப் போய்ப் பாறையில் வழுக்கி விழுந்தவர். அதிலிருந்து மலை என்றாலே எனக்கு ஆகாது. புறா கண்ணில் படாவிட்டால் இவனுக்குச் சலித்துப்போகும், கீழேயே ஒரு கடை போட்டு உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தேன். பெற்றவள் நினைக்கக்கூடியதுதானே.

மேலே காட்டை வெட்டி ஏலத்தோட்டம் போட்ட வருஷம், வளையம் போட்ட புறாக்கள் இந்த வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அத்திமரத்துக்கே வந்தன. அவன் மலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரும். உதிர்ந்த பழத்தைத் தரையில் பொறுக்கும். கண்ணி வைப்பது எனக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம். வளையத்தைக் கழற்றிச் சாம்பலோடு குப்பைக்குழியில் போட்டேன். கறியை வீணாக்க மனம் வரவில்லை.

அவனும் சாப்பிட்டான்.

“யம்மா, இது எந்த ஊருப் புறா? நல்லாக் கொழுத்துக் கெடக்கு.”

“அச்சன்புதூர்ச் சந்தையில வாங்குனேன். பேசாமத் தின்னு.”

ஒன்றுதான் பிசகிவிட்டது. புறாவைக் காணவில்லை என்றதும் அவன் வேலையை விடவில்லை. காடு போனதால் அவை இன்னும் உயரத்துக்கு ஏறிவிட்டன என்று முடிவு கட்டினான். தேனருவிக்கு மேலே போனான். அங்கும் இல்லை என்றதும் அதற்கும் மேலே. நான் ஒன்றைப் பிடித்தால் அவன் ஒரு பாறை கூடுதலாக ஏறினான்.

கடைசி நாள் காலையில் சாரல் விடவில்லை. “இன்னைக்கு வேண்டாம்யா, பாறை பூரா பாசி” என்றேன்.

“ஒண்ணே ஒண்ணு கீழ எறங்கி வந்திருந்தாப் போதும்மா. நான் ஏன் மேல ஏறுதேன்? இங்கனயே மரத்தடியில, ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன்லா” என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. சொன்னால் இனி என் கையால் எதையுமே சாப்பிட மாட்டானோ என்று பயம். சொல்லவில்லை.

பாறையில் வழுக்கி விழுந்து கிடந்தவனை நீங்கள்தான் தேடி எடுத்தீர்கள். தூக்குச்சட்டியை ஓடையில் கழுவிப் பாறைமேல் கவிழ்த்து வைத்திருந்தான் என்றீர்கள். நான் கொடுத்துவிட்ட சோறும் அந்தப் புறாக்கறியும்தான் அதில் இருந்தது. முழுக்கச் சாப்பிட்டிருக்கிறான்.

என் பிள்ளை பசியோடு போகவில்லை ஐயா. பெற்றவளாய் நான் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.