பதினேழாவது கம்பி

மழை விட்டு அரைமணி நேரம். சாயங்காலம் ஆறே முக்கால். கரியாலூருக்கு மேலே, மூடிய கல் குவாரிக்குப் போகும் மண்பாதை... ஈ காக்கை இல்லை. நம் கந்தசாமியின் மச்சான் வீரமுத்து தனியாக ஏறுகிறான். கையில் ஸ்கேல், நோட்டு.

குவாரிப் பள்ளத்தில் மண் கொட்டி, அது சரியாமல் பிடிக்கச் சரிவெங்கும் வெட்டிவேர் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஊடே பெயிண்டில் நம்பர் போட்ட இருபது இரும்புக் கம்பிகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் வெளியே தெரியும். மழை மண்ணை அரித்தால் கம்பி இன்னும் கூடத் தெரியும். ஒவ்வொரு மழைக்கும் அளந்து, கூடியிருந்தால் கீழே வேலை செய்பவர்களை நிறுத்த வேண்டும். அதுதான் வீரமுத்துவின் வேலை.

போன ஐப்பசியில் இந்தச் சோம்பேறி டீக்கடையில் உட்கார்ந்தே இருபதுக்கும் ‘ஒரு சாண்’ என்று எழுதிவிட்டான். நாற்று நட வந்த பெரியநாயகி கேட்டாள்.

“தம்பி, பதினேழாவது கம்பி ரெண்டு சாண் தெரியுது. ஏறிப் பாத்தீங்களா?”

“பாத்தாச்சி. நீ போய் நடு.”

மதியம் சரிவு இறங்கி அவளை மூடியது. அவள் உடம்பைத் தேடி எடுக்கவே இல்லை. மேலேயே மண்ணைக் கொட்டி, கம்பிகளைப் புதிதாக அடித்தார்கள். இவன் வேலை போகவில்லை. நோட்டில்தான் எல்லாம் சரியாக இருந்ததே. அவள் புருஷன் ராசு இவனைக் கண்டாலே காறித் துப்புவான். நானாக இருந்தாலும் துப்புவேன்.

நான் முதலில் சொன்ன அந்தச் சாயங்காலம் ஒவ்வொன்றாக அளந்தான். பதினைந்து... பதினாறு... பதினேழு இல்லை. குழி மட்டும். வெட்டிவேரைப் பிடுங்கினால் மட்டும் வரும் வாசனை, அந்தக் குழியிலிருந்து வந்தது. காலுக்கு அடியில், மண்ணுக்குள்ளே... டங்... டங்... யாரோ கம்பி அடிக்கிற சத்தம்.

ஓடினான். கடைசி பஸ்ஸைப் பிடித்து, உளுந்தூர்பேட்டையில் வீடு சேர்ந்தான். பொண்டாட்டி தைலம்மாள் வாசலிலேயே திட்டினாள்.

“வாசப்படியாண்ட இன்னாத்துக்குக் கம்பி அடிச்ச? கொழந்த தடுக்கி வுழுந்துச்சி.”

ஒரு சாண் கம்பி. பெயிண்டில் பதினேழு.

கடப்பாரை போட்டும் அசையவில்லை. வேறு வீடு மாறினார்கள். விடிந்தால் அந்த வாசலிலும் நின்றது. அதே உயரத்தில்.

அது சமதரை. மண் அரித்துப் போக வழியே கிடையாது. ஆனாலும் மழைக்கு மழை ஒரு விரல் கூடுகிறது. நேற்று கந்தசாமி போய் அளந்துவிட்டு வந்தான். ரெண்டு சாணுக்கு ஒரு விரல்தான் கம்மி...

கொஞ்சம் பேசாமல் இருங்கள். ஓட்டின் மேல்... தூறல்தானே அது?