நீங்க கிளம்புங்க சிஸ்டர்

இரவு ஒன்பதே முக்கால். திருமழிசையில் இறக்கிவிட்டு ஷேர் ஆட்டோ போய்விட்டது. அங்கிருந்து குத்தம்பாக்கம் போகிற உள்ரோடு. ஒரு பக்கம் பிளாட் போட்டு நட்ட கற்கள், இன்னொரு பக்கம் கருவேலம் புதர். தூரத்தில் புது பஸ் நிலையத்தின் வெளிச்சம் மட்டும் மங்கலாக... நடந்து போகிறவளைத் தவிர ரோட்டில் ஒரு ஈ காக்கை கிடையாது.

“யாருக்கா நடந்து போறது?” என்று நிவேதிதா கேட்டாள்.

“சொல்றேன்டி. அதுக்குள்ள என்ன அவசரம்?”

நான் இந்தக் கதையைச் சொன்னது, மேனாம்பேட்டில் நாங்கள் மூன்று நர்ஸ்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில். நான் நாகவல்லி. மூத்தவள், வாய் நீளம் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர் வாங்கியவள். அடுத்தவள் நிவேதிதா. கடைசியாக வந்தவள் வர்ஷா. மூவருமே வளைகுடா நாட்டு லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். இருந்தது ஒரே புத்தகம், அதுவும் ஜெராக்ஸ். ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றிப் படித்தோம். அன்றைக்குப் பார்த்து டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ஏரியா முழுக்க இருட்டு. புழுக்கத்தில் படிக்கவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. போனில் இருந்த சார்ஜையும் வீணாக்க வேண்டாம் என்று டார்ச்சை அணைத்துவிட்டேன். நிவேதிதா என் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். வர்ஷா எதிர் மூலையில் இருந்தாள்.

நடந்து போனவள் கோமளா. என் சிநேகிதி மைதிலியின் அத்தை மகள். கரையான்சாவடிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் சரியில்லை என்று பிரிந்து, குத்தம்பாக்கத்தில் அம்மா வீட்டோடு வந்துவிட்டாள். சின்னப் பெண் குழந்தை ஒன்று, பெயர் கிருஷ்ணப்பிரியா. கோமளா காலையில் கிளம்பும்போது குழந்தை தூங்கும். இரவு வரும்போதும் தூங்கும். டியூட்டி எட்டு மணிக்கு முடியும் என்பது பேச்சுக்குத்தான். என்றைக்கு முடிந்திருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி கோமளாவை நேர்காணலில் தேர்ந்தெடுத்துவிட்டது. எட்டு மணி நேர வேலை. குழந்தையையும் அழைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் பரீட்சை பாஸானால் விசா. கோட்டைவிட்டால் வேலை அடுத்தவளுக்குப் போய்விடும். “என் பொண்ணு முழிச்சிருக்கறப்ப நான் ஊட்டுக்குப் போவணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்,” என்று மைதிலியிடம் சொல்லி அழுவாளாம்.

ஆனால் எப்போது படிப்பது? கோச்சிங் போக நேரமும் இல்லை, வசதியும் இல்லை. அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். கேள்விகளைத் தன் குரலிலேயே போனில் பதிவு செய்தாள். ஒரு கேள்வி, நான்கு விடைகள், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இடைவெளி... அதற்கப்புறம் சரியான விடை. இயர்போனை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியது, அந்த இடைவெளிக்குள் வாய்விட்டு விடை சொல்ல வேண்டியது. கெட்டிக்காரி.

பதிவு செய்யத்தான் இடமில்லை. ஆஸ்பத்திரியில் ஒரே கூச்சல். வீட்டில் குழந்தை எழுந்துவிடும். அந்த உள்ரோட்டில் பூட்டிக் கிடந்த ஒரு நர்சிங் ஹோம் இருந்தது. கொரோனா சமயத்தில் கொஞ்ச நாள் திறந்து நோயாளிகளைப் போட்டிருந்தார்களாம். அதன்பிறகு மூடியதுதான். கோமளாவின் அண்ணன் அசோக் ஆட்டோ ஓட்டுகிறவன். கடைசி சவாரியை முடித்துவிட்டு அந்த வழியாக வந்து அவளை ஏற்றிக்கொள்வான். அதுவரைக்கும் நர்சிங் ஹோம் வாசல் படியில் உட்கார்ந்து கேள்விகளைப் படித்துப் பதிவு செய்வாள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் பதிவைப் போட்டுக் கேட்கிறாள். “ரத்தம் ஏத்தும்போது பேஷண்ட்டுக்கு நடுக்கம் வருது. முதல்ல என்ன செய்வீங்க?” கோமளாவின் குரல்தான். இடைவெளி வந்தது. அந்த இடைவெளிக்குள்...

“உடனே நிறுத்தணும். ஊசிய எடுத்துடாதீங்க சிஸ்டர், சலைன் போய்ட்டு இருக்கட்டும்.”

அது கோமளாவின் குரல் இல்லை.

“அக்கா, போதும்க்கா,” என்று நிவேதிதா என் கையைப் பிடித்தாள்.

“ஏன்டி, பொணத்தயே துடைச்சு கட்டி அனுப்புற கை இது. கதைக்கு நடுங்குதா?”

மூலையில் ஏதோ சரசரவென்று சத்தம். “வர்ஷா, சும்மா உக்காரமாட்டியா நீ?” என்று அதட்டினேன். சத்தம் நின்றது.

கோமளாவும் முதலில் பயந்துதான் போனாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஒரு பெண் குரல். களைத்த குரல், முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசுவது மாதிரி அடைத்து வந்தது. அதற்குப் பின்னால் களக்... களக்... என்று தண்ணீர் குமிழியிடுகிற சத்தம். ஆக்சிஜன் போகும்போது பாட்டிலில் வருமே, அதே சத்தம். நம்மைப் போன்றவர்களுக்கு அது தூக்கத்தில்கூட அடையாளம் தெரியும்.

அழித்துவிட்டு வேறு இடம் பார்த்திருக்கலாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்தக் குரல் சொன்ன விடை சரியான விடை. புத்தகத்தில் இருந்ததைவிடத் தெளிவான விடை. பரீட்சைக்கு நாள் நெருங்குகிறது, சொல்லிக்கொடுக்க ஒரு நாதி இல்லை. கோமளா மறுநாளும் அதே படியில் போய் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இடைவெளியிலும் அந்தக் குரல் வந்தது. நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பது, எந்த மருந்துக்கு முன்னால் நாடித்துடிப்பு எண்ணுவது... அத்தனைக்கும் நிதானமாக விடை சொன்னது. போகப் போகப் பதிவில் மட்டுமில்லை, படியில் உட்கார்ந்திருக்கும்போதே முதுகுப் பக்கம் பேசியது. குரல் வருவதற்கு முன்னால் ஒரு வாசனை வரும். ரப்பர் கையுறையைக் கழற்றினால் வியர்த்த கையில் அடிக்குமே, அந்த வாசனை. கோமளா திரும்பிப் பார்க்கமாட்டாள். பார்த்தால் சொல்லிக்கொடுப்பது நின்றுவிடும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். எத்தனை தவிப்பு இருந்தால் ஒருத்தி அப்படி நினைப்பாள்!

ஒரு நாள் அசோக் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

“இன்னா கோமு, யாராண்ட பேசிகினு கீற?”

“யாரும் இல்லண்ணா. படிக்கிறேன்.”

“இன்னாடா இது... ரெண்டு பொம்பளைங்க பேசுன மாரி கேட்டுச்சே,” என்றான். படிக்கு மேலே பார்த்தான். கதவில் துருப்பிடித்த பூட்டு அப்படியே தொங்கியது. வண்டியைக் கிளப்பியவன் வீடு வரைக்கும் வேகத்தைக் குறைக்கவே இல்லையாம்.

நம் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. டியூட்டி முடிந்தது என்று யாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. அடுத்து வருகிறவளிடம் ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஓவர் கொடுப்பது என்று பெயர். அவள் ஓவர் எடுத்துக்கொண்டு, “சரி, நான் பாத்துக்கிறேன், நீங்க கிளம்புங்க சிஸ்டர்,” என்று சொன்னால்தான் நம் கால் வார்டு வாசலைத் தாண்டும். அவள் வரவில்லையென்றால்... விடிய விடிய நாம்தான் நிற்க வேண்டும். அந்த நர்சிங் ஹோமில் கொரோனா சமயத்தில் அப்படித்தான் ஒருத்திக்கு மாற்று ஆள் வரவில்லையாம். நாள் கணக்கில் அவளே பார்த்தாளாம். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே... அப்படித்தான் அந்தப் பக்கத்து டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். மெய்யோ பொய்யோ, எனக்குத் தெரியாது.

பரீட்சைக்கு முந்தின இரவு. கோமளா இரட்டை டியூட்டி பார்த்துவிட்டு வந்திருந்தாள். கண் சொருகுகிறது. படியில் சாய்ந்துகொண்டு கடைசிக் கேள்விகளைப் படித்தாள். வாசனை வந்தது. குரலும் வந்தது. ஆனால் இந்தத் தடவை விடை சொல்லவில்லை.

“எனக்கு டியூட்டி முடிஞ்சு ரொம்ப நேரம் ஆச்சு சிஸ்டர்... ஓவர் எடுத்துக்கிறீங்களா?”

ஐயோ, அவள் என்ன செய்வாள்! நான்கு வருஷமாக தினமும் சொல்லிப் பழகிய வாய். பாதித் தூக்கத்தில் தானாக வந்துவிட்டது.

“சரி, நான் பாத்துக்கிறேன். நீங்க கிளம்புங்க சிஸ்டர்.”

உள்ளே ஒரு நாற்காலி நகர்கிற சத்தம். பூட்டின கதவுக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் வந்தது. படியில் இறங்கியது. அவள் தோளை ஒட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனது. வாசனையும் கூடவே போய்விட்டது.

பரீட்சையில் கோமளா பாஸ். அபாரமான மதிப்பெண். வீட்டில் கேசரி கிண்டினார்கள். அன்று அவளுக்கு லீவு, குழந்தை மடியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. எட்டரை மணிக்குக் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தாள். யூனிஃபார்ம் போட்டாள், கொண்டை போட்டு வலை மாட்டினாள், கிளம்பிவிட்டாள். அவள் அம்மா வடிவு வாசலுக்கு ஓடி வந்து, “எங்கடி போற?” என்று கேட்டதற்கு, “டியூட்டிக்கும்மா,” என்றாள். குழந்தை முழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

தினமும் அதே கதை. அசோக் போய்ப் பார்த்தால் அந்தப் பூட்டின கதவுக்கு முன்னால் விறைப்பாக நின்றுகொண்டிருப்பாள். மஸ்கட் போகிற அன்று விமான நிலையத்துக்குப் போகிற வழியில், “ஒரு நிமிஷம்ணா, ஓவர் குடுத்துட்டு வந்துடறேன்,” என்று ஓடுகிற ஆட்டோவிலிருந்து இறங்கப் பார்த்தாள். டிக்கெட் வீணானது. பூந்தமல்லியில் டாக்டரிடம் காட்டினார்கள், தர்காவில் ஓதிக் கயிறு கட்டினார்கள். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் அறையில் வைத்துப் பூட்டினார்கள். இரவு முழுக்கச் சுவரைப் பார்த்து ஒரு நோயாளியைப் பற்றி ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாளாம். அது என்ன என்று மைதிலி என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் சொல்லமாட்டேன். சிலதை வாயில் எடுக்கக் கூடாது.

“இப்போ எப்டிக்கா இருக்காங்க?” நிவேதிதாவின் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

அதுதான் ஆச்சரியம். கதை சொன்ன அன்று சாயங்காலம்தான் மைதிலி போன் பண்ணியிருந்தாள். முந்தின இரவு கோமளா அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாளாம். காலையில் எழுந்து, “ஓவர் குடுத்துட்டேம்மா. இனிமே போவ வேணாம்,” என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குத் தலை வாரினாளாம். யாரிடம் கொடுத்தாள் என்று கேட்டதற்கு, “ஒரு சின்னப் பொண்ணு. குரல் மட்டும்தான் கேட்டுச்சு,” என்றாளாம். மஸ்கட்காரர்களும் இன்னும் அந்த இடத்தை நிரப்பவில்லையாம்.

இந்த இடத்துக்காகத்தான் நான் கதையையே ஆரம்பித்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“ஏன்டி, ஒரு வாரமா வர்ஷா காதுல மாட்டிட்டுப் படிக்கிறாளே, ஓசில கெடைச்ச ஆடியோன்னு நான் அனுப்புனேனே... அது யார் குரல்னு நெனச்சீங்க? கோமளாதான்!”

நிவேதிதா வீல் என்று கத்தினாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மைதிலி அனுப்பியபோது நானே இரண்டு தடவை கேட்டிருக்கிறேன், அதில் ஒன்றும் கிடையாது. சும்மா விளையாட்டு.

வர்ஷா கத்தவில்லை. மூலையில் மறுபடியும் சரசர... அப்புறம் ஹேர்பின் கீழே விழுந்த சத்தம்.

கரண்ட் வந்தது.

வர்ஷா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். யூனிஃபார்ம் போட்டிருந்தாள். முடியை இறுக்கிக் கொண்டை போட்டு வலை மாட்டியிருந்தாள். அவளுக்கு அன்றைக்கு ஆஃப்.

“எங்கடி கிளம்பிட்ட?” என்றேன். என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“நேத்து ராத்திரி அந்த ஆடியோவுல கேட்டாங்க, தூக்கக் கலக்கத்துல சரின்னு சொல்லிட்டேன்க்கா,” என்றாள். முகத்தில் பயமெல்லாம் இல்லை, வேலைக்கு நேரமாகிவிட்ட படபடப்பு மட்டும்தான். “லேட்டாயிடுச்சு. மூணாவது பெட்டுக்கு ஆக்சிஜன் தீரப் போவுது.”

மூன்றாவது படுக்கை. ஆக்சிஜன். நான் சொல்லாமல் விட்ட விஷயம் அதுதான்.

நான் ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். வர்ஷா என் எதிரில் வந்து நின்றாள். அவள் கையிலிருந்து ரப்பர் கையுறை வாசனை அடித்தது. அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை.

“போவ உடமாட்டீங்களாக்கா?” என்று கெஞ்சினாள். “அப்போ நீங்க ஓவர் எடுத்துக்கிறீங்களா சிஸ்டர்?”

பழக்கதோஷம். என் வாய் தானாகத் திறந்தது. நிவேதிதா பாய்ந்து வந்து இரண்டு கையாலும் பொத்தினாள்.

வர்ஷா பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.