கடை கடையாக நின்றவர்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மாவின் மடியில் பெரிய ஸ்கேன் கவர் இருந்தது. திடீரென்று கணவரின் தொடையைத் தட்டினார்.

"உன் காலு உள்ளார எவ்ளோ அழகா கீது தெரியுமாய்யா! எலும்பையெல்லாம் மறைச்சிட்டு, வெறும் ரத்தக் குழாயை மட்டும் டாக்டர் கம்ப்யூட்டர்ல சுத்திச் சுத்திக் காட்டனாரு."

"நீ அழகப் பாத்த. எனுக்கு அந்த ஸ்கேனுக்குன்னு கையில மருந்து ஏத்தனதும் ஒடம்பெல்லாம் சூடாயி, வேட்டியிலயே மூத்திரம் போயிட்டேனோன்னு ஆயிப்போச்சு."

அவர் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை.

"தொடையில ஒரு எடத்துல குழாய் நூலு மாதிரி சுருங்கிக்கீது. அதான் நடந்தா கெண்டக்காலு வலிக்குது. மார்க்கெட்டு போறப்பல்லாம் கடை கடையா நின்னு வேடிக்கை பாக்குறன்னு உன்ன எவ்ளோ திட்டிக்கீறேன்! வலிக்குதுன்னு சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா, வூட்லயே குந்துன்னு என்ன வுட்டுட்டு நீ மட்டும் பூடுவ."

அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கால எடுக்கணும்னு சொல்லுவாங்களோன்னு பயந்துகினு இருந்தேன்" என்றார் கணவர் மெல்ல.

"அதெல்லாம் வாணாமாம். குழாய்க்குள்ள குட்டி பலூன வுட்டு ஊதி, சுருங்கன எடத்தத் தொறந்துடுவாங்களாம். அதுவரிக்கும் நடக்கணும், வலிச்சா நிக்கணும், மறுபடி நடக்கணுமாம்."

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு நிறுத்தத்தில் அந்தம்மா எழுந்தார்.

"நம்ம ஸ்டாப்பு அடுத்ததுதான?" என்றார் கணவர்.

"தெரியும். எறங்கு, நடந்து போவலாம். வலிச்சா சொல்லு, ரெண்டு பேருமே நிப்போம்."