ஒன்பது தட்டுகளில் முளைத்தது

ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு மணி. இது பேய் வருகிற நேரமா என்று சிரிக்காதீர்கள்... கிட்டே வந்து உட்காருங்கள். என் நண்பனுடைய அண்ணிக்கு நடந்தது.

தொழிற்பேட்டைக்குள் ஒரு நீளமான சாலை. விடுமுறை நாளில் நாய்கூட நடக்காது. அதன் கடைசியில் அண்ணி வேலை பார்த்த ஆய்வகம்.

செடியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கிடைக்கிற ஒரு மருந்தைப் பாக்டீரியாவை வைத்து நிறையத் தயாரிக்க வேண்டும். அதற்கு அந்தச் செடியின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் நுழைக்க வேண்டும். கண் இமைப்பதற்குள் ஒரு மின்சார அதிர்ச்சி. பாக்டீரியாவின் தோலில் ஓட்டை விழும்... மூடுவதற்குள் மரபணு உள்ளே போனால் உண்டு. பிறகு கிருமிக்கொல்லி கலந்த தட்டில் தடவி, வெதுவெதுப்பான பெட்டியில் வைப்பார்கள். மரபணு உள்ளே போன பாக்டீரியா மட்டும் பிழைத்து, மறுநாள் ஆரஞ்சுப் புள்ளியாக முளைக்கும்.

எட்டு மாதம். ஒரு புள்ளி இல்லை.

"இந்த மாசத்தோட இதை மூடிடலாம்மா" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறும் பார்க்காமல் கிளம்பிப் போனார்.

ஆய்வகத்தில் அவர் மட்டும். ஃப்ரீசரின் உறுமல். புளித்த மாவு போன்ற பாக்டீரியா நாற்றம். அதிர்ச்சி கொடுக்கிற இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார்... டப்! தீப்பொறி. கலவை பாழ். அடுத்தது... டப்! ஏழாவதும் பாழானதும் மேசையில் ஓங்கி அடித்தார்.

"உள்ள போய்த் தொலையேன், சனியனே!"

முதுகுக்குப் பின்னால், மிக அருகில், ஓர் ஆண் குரல். "போச்சா?"

வாட்ச்மேன்தான் என்று நினைத்தார். எரிச்சலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போகலை! முடிஞ்சா நீங்களே போட்டுக்கங்க!"

மிச்சமிருந்த ஒன்பது குழாய்களையும் பனிக்கட்டியிலேயே விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினார்.

"இப்ப உள்ள வந்தீங்களா?"

"நானா? சாவி உங்ககிட்டதானே மேடம் இருக்கு?"

திங்கள் காலை. வெதுவெதுப்புப் பெட்டியில் ஒன்பது தட்டுகள். ஒன்பதிலும் ஆரஞ்சுப் புள்ளிகள். அண்ணி ஒரு தட்டில்கூடத் தடவவில்லை... சோதித்துப் பார்த்தார்கள். அதே மரபணு.

மேலதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. "எப்படிம்மா செஞ்சே? நோட்டுல எழுது."

என்னத்தை எழுதுவது?

கண்ணாடிக் குடுவை கழுவுகிற பெரியவர்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இதே வேலையில மூணு வருஷம் இருந்தாரும்மா. ஒருநாள்கூட முளைக்கலை. ஒரு ஞாயித்துக்கிழமை தனியா வந்தவர் குளிர் அறையில விழுந்துட்டார். திங்கக்கிழமைதான் பாத்தோம்."

மறுபடி செய்துகாட்டச் சொன்னார்கள். பன்னிரண்டு முறை. பன்னிரண்டும் டப். மேலதிகாரியின் முகம் மாறியது. "உண்மையைச் சொல்லு. வெளியில எங்கேயாவது வாங்கிட்டு வந்தியா?"

எட்டு மாத உழைப்புக்குத் திருட்டுப் பட்டம். அண்ணிக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. அடுத்த ஞாயிறு, அதே இரண்டு மணிக்குப் போய் நின்றார்.

"சார்... எப்படிப் போட்டீங்க? அதைச் சொல்லிட்டாவது போங்க."

ஒரு மணி நேரம் நின்றார். கால் கடுத்தது. "சொல்லாட்டிப் போங்க, நானே பாத்துக்கறேன்" என்று முணுமுணுத்தபடி, ஒட்டுப் பிரிக்காத புதுக் கையுறைப் பெட்டியைக் கிழித்தார். மேலாக இருந்த உறையை உருவிக் கையை விட்டார்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. விரல் நுனிவரை வியர்வை ஈரம்... அந்த நிமிடம்தான் யாரோ கழற்றி வைத்ததுபோல.