போய்ப் பார்க்க வேண்டும்

எல்க் மானுக்கு என் பழைய ரைஃபிளே போதும், ஷெரீப் சார். புதிதாக வருகிறவையெல்லாம் நடக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு. எங்கள் வேட்டை முகாமில் என் கணவர் ஓரின் வைத்திருந்த சட்டம் இதுதான்: முந்நூறு கஜத்துக்கு மேல் சுடக் கூடாது. சுட்டால், பட்டதோ படவில்லையோ, மான் நின்ற இடத்துக்கு நடந்துபோய் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பிராணி கிடந்து துடிப்பதை அவரால் தாங்க முடியாது.

மூன்று வருடத்துக்கு முன், எங்கள் முகாமில் தங்கியிருந்த டிரென்ட் ஹேவர்லாக், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எழுநூறு கஜத்தில் நின்ற மானைச் சுட்டான். மான் ஓடிவிட்டது. அதற்குப் பின்னால் மரங்களுக்குள் இருந்த ஓரினுக்கு வயிற்றில் குண்டு பட்டது. டிரென்ட் போய்ப் பார்க்கவில்லை. இறங்கி ஏற இரண்டு மணி நேரமாகுமாம். முகாமுக்கு வந்து, நான் வைத்த மாட்டுக்கறிக் குழம்பை இரண்டு கிண்ணம் சாப்பிட்டான்.

"தப்பிச்சிருச்சு வெர்னா. அதுக்கு நல்ல நேரம்" என்றான்.

மாலையில் ஓரினைத் தேடிப் போனபோது உடம்பில் சூடு ஆறவில்லை. ஆறு மணி நேரம் உயிரோடு கிடந்திருக்கிறார். உடனே யாராவது போயிருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். நீதிமன்றம் விபத்து என்றது. அவனுடைய வேட்டை உரிமத்தைப் பிடுங்கி, இந்த வருடம் திருப்பிக் கொடுத்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

மன்னித்துவிட்டேன், வந்து போ என்று நான்தான் எழுதினேன். வந்தான், அழுதான். மறுநாள் காலையில் புது ரைஃபிளைக் காட்டினான்.

"ஆயிரம் கஜம் அசால்ட்டா போகும். உங்க துப்பாக்கிய மியூசியத்துக்குக் குடுத்துருங்க வெர்னா."

"எனக்குக் கிட்ட இருந்தாத்தாம்பா கண்ணு தெரியுது" என்றேன்.

நாற்பது கஜத்தில் அவனைச் சுட்டேன். அந்தத் தூரத்தில் நெஞ்சைத் தவறவிடுகிறவள் இல்லை நான், உங்களுக்கே தெரியும். வயிற்றைத்தான் குறிபார்த்தேன். அப்போது மணி ஒன்பதே கால்.

பிறகு நடந்துபோய்ப் பார்த்தேன். பக்கத்தில் விழுந்துகிடந்த மரத்தில் உட்கார்ந்தேன்.

"ரேடியோல யாரையாவது கூப்பிடுங்க வெர்னா."

"என் பையிலதான் இருக்கு."

"அன்னிக்குத் தெரியாமத்தான் செஞ்சேன். சத்தியமா."

"தெரியும்ப்பா."

குளிரில் சீக்கிரம் போய்விடக் கூடாதென்று என் கோட்டைப் போர்த்திவிட்டேன். மூன்றே காலுக்கு மூச்சு அடங்கியது. அதற்குப் பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஈவிரக்கமில்லாதவள் என்று எழுதாதீர்கள். ஓரினின் சட்டத்தில் எதையும் நான் மீறவில்லை. கிட்டத்தில் சுட்டேன், போய்ப் பார்த்தேன். அந்த ஆறு மணி நேரமும் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.