கரைக்காத பொடி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் முட்டை வைக்க இடமே இருந்ததில்லை. அந்தத் தட்டு முழுக்கத் தம்பியின் மருந்துக் குப்பிகள். முட்டையை வாங்கிய அன்றே சமைத்துவிடுவோம்.

ரத்தம் உறைவது ஒரு ஆள் வேலை இல்லை மேடம். வரிசையாகப் பல புரதங்கள். ஒன்று தட்டி எழுப்பினால்தான் அடுத்தது எழும். தம்பிக்குப் பிறவியிலேயே எட்டாவது ஆள் கிடையாது. அடிபட்டால் ரத்தம் கொட்டாது, ஆனால் நிற்கவும் நிற்காது, அவ்வளவுதான். பாதி நேரம் வெளியே தெரியவும் தெரியாது. மூட்டுக்குள்ளேயே கசிந்து வீங்கும். அந்தப் புரதம் பொடியாக வருகிறது. கூட வரும் தண்ணீரில் கரைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நரம்பில் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிச்சவ நீதான், நீயே கத்துக்க" என்றாள் அம்மா. கற்றுக்கொண்டேன். என் படிப்பு அந்த வீட்டுக்குப் பயன்பட்டது அதற்கு மட்டும்தான்.

அவன் வாயாடி. "லைசென்ஸ் வாங்குறவன் ஒரு தடவ எட்டு போட்டா போதும், நான் ஆயுசுக்கும் போடணும்" என்பான், கையை நீட்டிக்கொண்டு.

எனக்கு இரண்டு இடம் பேசி, இரண்டும் கலைந்தது. இந்தக் குறையைப் பெண்கள் சுமந்து பிள்ளைக்குக் கொடுப்பார்கள் என்று எவனோ போய் ஓதியிருந்தான். பொய் ஒன்றும் இல்லை. வெளியூரில் நல்ல வேலை ஒன்று வந்தது, போகவில்லை. யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. "அவனுக்கு யாரு ஊசி போடுவா?" என்று கேட்டார்கள், அதோடு சரி.

பிறகு அவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய், தனக்குத் தானே ஊசி போடவும் கற்றுக்கொண்டு வந்தான்.

"இனிமே நீ ஃப்ரீ, அக்கா. எனக்கு நரம்பு தேடுன நேரத்துக்கு மாப்பிள்ள தேடியிருந்தா இந்நேரம் வீடு பூரா பிள்ளைங்க. உன் வாழ்க்கைய பாரு."

நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்குக் கோபமே வரவில்லை. எந்த வாழ்க்கை என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

"கெளம்புற வரைக்கும் நானே போடுறேன்டா" என்றேன். கரைத்த பிறகு அந்த மருந்துக்கும் தண்ணீருக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பொடியைத் தொடாமல் தண்ணீரை மட்டும் ஏற்றினேன். விஷமா கொடுத்தேன்? மருந்தோடு வரும் சுத்தமான தண்ணீர். பொடியையும் வீணாக்கவில்லை, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன்.

முட்டி வீங்கியது. பயணம் தள்ளிப்போனது. நிஜ மருந்தைப் போட்டேன், வடிந்தது. "அக்கா கை பட்டாத்தான் இவனுக்குக் கேக்குது" என்று அம்மா பெருமைப்பட்டாள். அடுத்த முறை டிக்கெட் எடுத்தபோது முழங்கை. நான் கணக்குப் போட்டது மூட்டோடு நிற்கும் என்றுதான். மூட்டு வீங்கி யாரும் சாவதில்லை.

மூன்றாவது முறை, மதியம், அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கும்போது தலையை இடித்துக்கொண்டான். "அலமாரிக்கு அடி ஒண்ணும் இல்லல்ல?" என்று சிரித்தான். சாப்பாட்டில் கை வைத்ததும் வாந்தி எடுத்தான். பேச்சு குழறியது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் ரத்தம்.

"காலைல மருந்து போட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"முழு டோஸ் போட்டேன் சார்."

"முழு டோஸ் போட்டுமா இவ்வளவு? அப்ப இவரு உடம்பு அந்த மருந்த எதிர்க்குது. இனி அதப் போட்டுப் பிரயோஜனம் இல்ல. வேற மருந்து வரவழைக்கணும்."

கூட இருந்த சின்ன டாக்டர், "அது வர்ற வரைக்கும் இதையே இன்னொரு டோஸ் போட்டுப் பாக்கலாமா சார்?" என்றாள்.

"வேணாம்மா. ரெண்டும் சேந்தா உறையக் கூடாத எடத்துல உறைஞ்சிரும். ரத்தக்குழாய் அடைச்சிக்கிட்டா அதுக்கு யாரு பதில் சொல்றது?"

நியாயமான பயம். நான் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் அவர் செய்தது சரி. அவனுக்குத் தேவையான எட்டாவது புரதம் அந்த அறையிலேயே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. "சார், நான் போடல" என்றால் போதும். அம்மா பக்கத்தில் இருந்ததால் என்னால் சொல்ல முடியவில்லை.

இல்லை. அம்மா வெளியே ரத்தம் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாள். நான் தனியாகத்தான் இருந்தேன். சாயங்காலம் அந்த வேற மருந்து வந்து சேரும் வரை தனியாகத்தான் இருந்தேன். அவன் விரல்கள் ஒவ்வொன்றாக அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி எந்த ஊருக்கும் போக மாட்டான் என்று நினைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் உடம்பில் எந்த எதிர்ப்பும் இல்லை என்று பிறகு ரிசல்ட் வந்தது. குப்பி கெட்டுப்போயிருக்கும் என்றேன். டாக்டர் நம்பினார். நேற்று அம்மா காய்கறித் தட்டைக் கழுவ எடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் உடைக்காத குப்பி எது என்று தெரியும். அதைத்தான் பையில் போட்டு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள்.

தண்ணீர் ஏற்றியது நான். பொய் சொன்னது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் சாயங்காலத்துக்குள் என்னை அனுப்பிவிடுங்கள் மேடம், இன்றைக்கு அவனுக்கு ஊசி நாள். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. அம்மாவுக்குக் கை நடுங்கும். அவன் வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து ஒரு வேளை கூட நான் தவறவிட்டதில்லை, பொடியைக் கண்ணெதிரில் கரைத்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். நான் கிட்டே போனாலே அந்த ஒரு கையையும் முதுகுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்வான். மெதுவாகப் பிரித்து எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்தால் தானாகவே நீட்டுவான், என்னிடம் மட்டும்தான் இந்த அடம். கூடப்பிறந்தவள் இல்லையா, என்னிடம்தான் அவனுக்கு உரிமை அதிகம்.